திருட்டு மூச்சு

"சுவரைத் தள்ளு" என்றேன்.

இசக்கிவேணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். குடும்பத்தில் ஓடுகிற மரபணு தன்னையும் விடவில்லை என்று தெரிந்து, புற்றுநோய் வருமுன் இரண்டு மார்பையும் எடுத்துவிட்டு, இப்போது செயற்கை மார்பு வைத்துக்கொள்ள வந்திருப்பவள் அவள். அவளிடம் எடுத்த எடுப்பில் சுவரைத் தள்ளச் சொன்னால் வேறு எப்படிப் பார்ப்பாள்? ஆனால் என் வழக்கம் அது. என்னிடம் வருகிறவர்கள் நாள் முழுக்க உடம்பை வைத்து என்ன வேலை செய்கிறார்களோ, அதை என் அறையில் ஒருமுறை செய்துகாட்டாமல் நான் கத்தியைத் தொடமாட்டேன். மீன் கூடை சுமக்கிறவள் வந்தால் என் நாற்காலியையாவது தலையில் தூக்கி வைத்துக் காட்ட வேண்டும். பாளையங்கோட்டையில் என்னைக் கிறுக்கு டாக்டரம்மா என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு.

"நான் கபடி ஆடுதவ டாக்டரம்மா. சுவரைத் தள்ளுதவ இல்ல."

"தெரியும்ளா. ஊரே உன்னைய டிவியில பாக்குது. தள்ளு."

தள்ளினாள். காறை எலும்புக்குக் கீழே நான் வைத்திருந்த உள்ளங்கையில் அவள் நெஞ்சுத் தசை இறுகியது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒரு தசையைத் தொட்டதில்லை. அடுத்து, எதிரணிக்குள் பாடிப் போய்த் தொடுவதுபோல் கையை வீசச் சொன்னேன். வீசினாள். என் கருவித் தட்டு தரையில் உருண்டது. நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு இது புதிதில்லை என்பதுபோல் போய்விட்டாள்.

"இரு, சொல்லுதேன்" என்று அவளை உட்காரவைத்தேன். "ரெண்டு வழி இருக்கு. இந்தத் தசைக்குக் கீழ வைக்கலாம், இல்ல மேல வைக்கலாம். கீழ வச்சா தசை போர்வை மாதிரி மூடிக்கிடும். ஓரம் தெரியாது, வடிவா இருக்கும். ஆனா அதுக்குத் தசையோட அடி ஓரத்தை வெட்டி விடணும். நீ கையை வீசுத ஒவ்வொரு தடவையும் தசை இறுகும், உள்ள இருக்குதது மேல ஏறித் துள்ளும். தள்ளுத பலமும் கொஞ்சம் குறையும்."

"கொஞ்சம்னா?"

"மத்தவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"மேல வச்சா?"

"தசையை நான் தொடவே மாட்டேன். பலம் அப்படியே இருக்கும். ஆனா உனக்குத் தோலு மெலிசு, உடம்புல கொழுப்பே கிடையாது. குனிஞ்சா ஓரத்துல சுருக்கம் தெரியலாம். குப்புற விழுந்தா அடி நேரா அதுமேலதான் படும். நாளைக்கே யோசிச்சுச் சொல்லணும்னு இல்ல."

அவள் யோசிக்கவில்லை. வேறு எதையோ கேட்க நினைத்து, கேட்காமல் கதவைப் பார்த்தாள். எழுந்துபோய் நானே தாழ்ப்பாளைப் போட்டேன்.

"கீழ வச்சா மூச்சு தெரியுமாமே, டாக்டரம்மா?"

இந்தக் காலத்துச் செயற்கை மார்பு வெறும் சிலிக்கான் பை இல்லை. அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத வலை ஒன்று ஒட்டியிருக்கிறது. அதைக் காவல் என்கிறார்கள். மிச்சமிருக்கும் திசுவில் புற்றுநோயின் சாயல் தெரிந்தால் அது முதல் ஆளாகச் சொல்லிவிடும். எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். காவல் இல்லாத பழைய வகையை இப்போது யாரும் தயாரிப்பதும் இல்லை. ஆனால் தசைக்குக் கீழே, விலா எலும்பை ஒட்டி வைத்தால் அந்தக் காவல் இதயத்தையும் மூச்சையும் சேர்த்தே படிக்கும். அதனால்தான் அவள் ஆடுகிற கபடி லீக்கை நடத்துகிறவர்கள், கீழே வைத்தால் மொத்தச் செலவும் எங்களுடையது என்று பெரிய மனது பண்ணியிருந்தார்கள். கூடவே புது விதி ஒன்றும் போட்டிருந்தார்கள். சந்தேகம் வந்தால், காவல் உள்ள ஆட்டக்காரியின் மூச்சுப் பதிவை நடுவர் பார்க்கலாம்.

கபடியில் பாடிப் போகிறவள் எதிரணிக் கோட்டைத் தாண்டியதிலிருந்து திரும்பும்வரை கபடி கபடி என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு இழுத்தால் ஆட்டம் போச்சு. இழுத்தாளா இல்லையா என்று இத்தனை காலமும் நடுவர் காதால்தான் கேட்டுச் சொல்லி வந்தார்.

"தெரிஞ்சா உனக்கென்ன?" என்றேன்.

"நான் மூச்சு திருடுதேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். விளையாட்டு விடுதியில் சேர்ந்த புதிதில் கூட இருந்த ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்த வித்தையாம். 'ப' என்று உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு மடக்குக் காற்றை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வெளியே கேட்காது.

"செஞ்சு காட்டு" என்றேன். பாடினாள். அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். ஓட்டையே இல்லாத பாட்டு.

"எங்க எடுத்த?"

"மூணு மடக்கு எடுத்துட்டேன்."

"நல்லா இருக்குளா. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ நான். என்னையவே களவுக்குக் கூட்டுச் சேக்கப் பாக்குத."

அவள் சிரிக்கவில்லை. "களவுதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா பாடுதவள்ல பாதிப் பேரு இதைச் செய்யுதாளுவ. அவளுவளுக்கு நடுவரோட காது மட்டுந்தான். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள்ள மெசினு. மாரை எடுத்தது நான் செஞ்ச குத்தமா?"

"அந்த மடக்கு இல்லாம பாடிப் பாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

"முடியாது டாக்டரம்மா. சின்னப்பிள்ளையில கோட்டைத் தாண்டுனதும் எனக்கு நெஞ்சு அடைச்சிரும். செத்துருவேன்னு தோணும். பாதியிலயே மூச்சு விட்டு வெளிய வந்துருவேன், எல்லாரும் சிரிப்பாளுவ. அந்த மடக்கு இருக்குன்னு ஆன பொறவுதான் பயம் போச்சு. அது இல்லன்னா நான் இல்ல."

"அப்ப மார்பு வைக்காமலே இருந்துரலாமே. எத்தனையோ பேரு இருக்காங்க."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு? கண்ணாடி பாத்தா எனக்கு நான் வேணும். ஆட்டமும் வேணும். ஒண்ணைக் குடுத்துத்தான் இன்னொண்ணை வாங்கணுமா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. மேலே வைப்பதென்று முடிவு செய்தோம்.

அறுவைக்கு முந்தின நாள் லீக்கின் தலைமை மருத்துவர் மதனகோபால் சென்னையிலிருந்து வந்தார். நயமாகப் பேசுகிற மனிதர். என் அறையில் உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த காப்பியைப் பாராட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஒல்லியான உடம்பு, டாக்டர். கீழே வெச்சா தசை நல்லா மூடிக்கும். உங்களுக்குத் தெரியாததில்ல."

"கம்ப்யூட்டர் முன்னால உட்காருத பொண்ணா இருந்தா நானே கீழதான் வச்சிருப்பேன். இவ நாலு பேரைத் தள்ளிக்கிட்டுக் கோட்டுக்கு வாரவ. அந்தத் தசையில கத்தி வைக்க எனக்கு மனசு வராது."

"மேலே வெச்சா காவலுக்கு இதயமும் தெரியாது, மூச்சும் தெரியாது. பாதிக் குருடு ஆயிடும்."

"புத்துநோய் தெரியுமா?"

"அது தெரியும்."

"எனக்கு அது போதும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு எதையாவது மறைக்குதா, டாக்டர்?"

"நாளைக்கு நான் போடப் போற தையலை மறைப்பா. அதுக்கு நல்ல சட்டையா வாங்கச் சொல்லியிருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் போனார். விளையாட்டுக்காரி யார் வந்தாலும் நான் மேலேதான் வைத்திருப்பேன், வேணி வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். பலமுறை சொல்ல வேண்டியிருந்ததுதான் உறுத்தியது.

அறுவை நன்றாகவே முடிந்தது. தசை வெட்டுப்படாததால் சீக்கிரம் தேறினாள். முதல்முறை கட்டைப் பிரித்தபோது கண்ணாடி கேட்டாள். வெகுநேரம் பார்த்தாள். "கொஞ்சம் கூடுதலா வச்சுட்டீங்களோ?" என்று கேட்டு, நர்ஸையும் சேர்த்து எங்கள் இருவரையும் சிரிக்கவைத்தாள். அடுத்த சீசனில் களத்துக்குத் திரும்பினாள். யார் வீட்டுக்குப் போனாலும் டிவியில் அவள் பாட்டைக் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் 'ப' வருகிற இடத்தில் என் காது கூர்மையாகிவிடும். ஒன்றும் கேட்காது.

அரையிறுதி எங்கள் ஊர் உள்ளரங்கத்திலேயே நடந்தது. வேணி எனக்கு முன்வரிசையில் இடம் வாங்கித் தந்திருந்தாள். இரண்டாம் பாதியில் அவள் பாடிப் போன ஒரே ஏற்றத்தில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். தொடர்ந்து ஒலித்த அந்தப் பாட்டைக் கேட்டு அரங்கம் எழுந்து நின்றது. நானும் வயசை மறந்து விசில் அடித்தேன். அப்போதுதான் எதிரணித் தலைவி நடுவரிடம் போய்த் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மூச்சுப் பதிவைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. ஆட்டம் நின்றது.

சிறிது நேரத்தில் ஒருவர் வந்து என்னைக் கீழே கூப்பிடுவதாகச் சொன்னார்.

உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மதனகோபால் கையில் திரையோடு இருந்தார். தலைமை நடுவர் அமலோற்பவம் சுவரில் சாய்ந்து நின்றாள். வேணி துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நேரே மதனகோபாலிடம் போனேன்.

"மேலதான வச்சிருக்கு" என்றேன். "மூச்சு படிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்போ படிக்கலை, டாக்டர்" என்றார் மதனகோபால். அவர் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்ததைச் சொல்லியாக வேண்டும். "விலா ஏறி இறங்கினா அதுக்கு மேல இருக்கிறதெல்லாம் சேர்ந்துதானே ஏறி இறங்கும். நாடு முழுக்க எத்தனை பேர் போட்டிருக்காங்க. எல்லார் மூச்சையும் பார்த்துப் பார்த்து அது கத்துக்கிட்டுது. இந்த சீசன்லேர்ந்து மேலே, கீழே எல்லாம் ஒண்ணுதான்."

மேலேயா கீழேயா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, அந்த மனிதரிடம் முகத்துக்கு நேராகச் சாதித்து, நான் எடுத்த முடிவில் பாதி காற்றோடு போயிருந்தது. அவள் தசையைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

"பதிவைத் திறக்கணும்னா அவங்க விரல் ரேகையும் வேணும், சர்ஜன்ங்கிற முறையில உங்க விரல் ரேகையும் வேணும்" என்றார் மதனகோபால்.

"வைக்கலன்னா?"

"தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும். இன்னிக்குப் புள்ளியெல்லாம் ரத்து. அப்புறம் தடை. இந்த வயசுல தடை வந்தா..." அவர் முடிக்கவில்லை.

அமலோற்பவம் தொண்டையைச் செருமினாள். "எனக்கு இவ பாட்டுல ஒரு ஓட்டை கேட்டதில்ல. அதையும் எழுதிக்கிடுங்க."

நான் வேணியை ஓரமாக இழுத்துப்போனேன். "வைக்காதளா. எனக்கு விருப்பமில்லன்னு நான் சொல்லிருதேன். பழி என் மேல கிடக்கட்டும். கோர்ட்டுக்குப் போவோம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வையுங்கம்மா. ஒவ்வொரு ஆட்டத்துலயும் யாரு கண்டுபிடிப்பாளோ, யாரு கண்டுபிடிப்பாளோன்னு செத்துச் செத்து ஆடுதேன். போதும். பிடிக்கட்டும்."

விரலை வைத்தாள். நானும் வைத்தேன்.

திரையில் ஒரு கோடு வந்தது. மூச்சு வெளியே போகப் போக அது சரிந்துகொண்டே இறங்கும். உள்ளே இழுத்தால் ஒரு முள்ளாவது மேலே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டுகிற இடத்திலிருந்து திரும்பி வருகிற இடம்வரை அந்தக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. மதனகோபால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதற்கு முந்தைய ஏற்றங்களையும் எடுத்துப் பார்த்தார். பழைய ஆட்டம் ஒன்றையும் திறந்தார். எங்கும் முள் இல்லை.

"இல்ல" என்றார் கடைசியில். "ஒரு தடவைகூட இல்ல. சாரிம்மா. ஆட்டம் தொடரலாம்."

வேணி எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவள் தோளைப் பிடித்து நடைவழிக்குக் கூட்டிவந்தேன்.

"மெசினு தப்பு டாக்டரம்மா" என்றாள் மெதுவாக. "இன்னிக்கு நாலு மடக்கு எடுத்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. "மெசினு தப்பில்லளா! நீ உறிஞ்சுத காத்து வாயோட நின்னுருது. கன்னத்துக்குள்ள வருது, அடுத்த எழுத்துல அப்படியே வெளிய போயிருது. தொண்டையைத் தாண்டி ஒரு துளி உள்ள இறங்கல. நீ திருடவே இல்ல. இத்தனை வருசமும் நீ பாடுனதெல்லாம் சொந்த மூச்சு!"

கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நான் எதை வச்சுப் பாடிட்டு இருந்தேன்?"

"உன் நெஞ்சை வச்சுத்தாம்ளா. பின்ன எதை வச்சு?"

அவள் வலது கை தன் கழுத்துக்குப் போனது. தொண்டைக்குழியைத் தடவினாள். வீட்டுச் சாவியைப் பையில் தேடிக் காணாதவள் மாதிரி இருந்தது அந்தத் தடவல். "அங்கன ஒண்ணுமே இல்லையா?" என்றாள். இன்னொரு முறையும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

என் இடத்துக்குத் திரும்பினேன். மதனகோபாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், திரை இன்னும் அவர் மடியில் இருந்தது. இந்த ஆட்டம் முடியும்வரை பதிவு திறந்தே இருக்கும் என்றார். அதன்பிறகு வேணி பாடப் போகவில்லை. முதுகு பிடித்திருக்கிறது என்று சைகை காட்டி மற்றவர்களை அனுப்பினாள். முன்னணியில் இருந்த அவள் அணி ஒவ்வொரு புள்ளியாக இழந்தது. கடைசியில் இரு அணியும் சமமாக நின்றபோது, மிச்சமிருந்தது ஒரே ஒரு ஏற்றம். அவள் பெயரைச் சொல்லி அரங்கம் முழுக்கக் கத்தியது. போகாமல் இருக்க முடியாது.

கோட்டைக் கும்பிட்டு உள்ளே போனாள். கபடி கபடி கபடி. எனக்குப் பழகிய பாட்டுதான். எதிரே ஐந்து பேர் அரைவட்டமாக விலகி நின்றார்கள். இடது ஓரத்தில் நின்றவள் மேல் ஒரு பொய் வீச்சு. அவள் பின்வாங்கினாள். ஒரு தொடுதல் போதும். வேணி இன்னும் உள்ளே போனாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ப' வருகிற இடத்தில் முன்பெல்லாம் உதடு ஒரு இமைப்பொழுது ஒட்டி நிற்கும். இப்போது நிற்கவில்லை. பாட்டு வேகமாகியது. கண்கள் விரிந்துகொண்டே போயின. சின்ன வயதில் அவளை எது பிடித்ததோ அது பிடித்துவிட்டதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'விடாதே, இருக்கு, நெஞ்சுக்குள்ள இருக்கு' என்று நான் கத்தினேன். அத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

எதிரணிப் பெண்ணின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் கை இருந்தது. அப்போது பாட்டு நின்றது. வாயைப் பிளந்து, கிணற்றிலிருந்து மேலே வந்தவள் மாதிரி, ஒரு மூச்சு இழுத்தாள். கூரை வரைக்கும் கேட்டது. அமலோற்பவம் விசிலை வாயில் வைத்துவிட்டு ஊதாமல் ஒரு கணம் நின்றாள். பிறகு ஊதினாள்.

மதனகோபால் என் முழங்கையைத் தொட்டார். திரையில் இறங்கிக்கொண்டிருந்த கோட்டின் நடுவே ஒரு முள் குத்திட்டு நின்றது. "பார்த்தீங்களா டாக்டர்? மேலே இருந்தும் எவ்வளவு தெளிவா காட்டுது!" அவர் உள்ளபடியே வியந்துதான் சொன்னார். எனக்கு அந்தத் திரையைப் பிடுங்கி அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது. அந்தக் கோபம் என் மேலும்தான். நடைவழியில் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

எதிரணி குதித்து ஆடிக்கொண்டிருந்தது. வேணி யாரிடமும் பேசாமல் வந்து என் காலடியில், தடுப்புக்கு அந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்தேன். அவள் அழவில்லை. என்னமோ புதுசாகச் சாப்பிட்டுப் பார்த்தவள் மாதிரி உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா, டாக்டரம்மா?"

"கேட்டுச்சு."

"ஒரு மடக்குல இவ்வளவு காத்து வரும்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றாள்.